அறுபத்திரண்டு கிலோ சரோஜா

போன செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்கில் எடை மெஷினோடு சண்டை போட்டேன். தோற்றும் போனேன்.

எடை விஷயத்தில்... நான் தோற்பதா?

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இன்றைக்குச் சொந்தமாகப் பழைய இரும்பு யார்டு. நடுவில் ஏறிய படியெல்லாம் என் கண் போட்டுக் கொடுத்தது.

இருபது வயதில் ஒரு கம்பிக் கிடங்கில் லோடு ஏற்றப் போனேன். படிப்பில்லாதவனைத் தராசுப் பக்கம் விடமாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும் என்று நானே மனப்பாடம் பண்ணினேன். பன்னிரண்டு மீட்டர் கம்பி — எட்டு எம்.எம். என்றால் நாலே முக்கால் கிலோ, பத்து எம்.எம். என்றால் ஏழு கிலோ நானூறு... குளிக்கும்போதும் இதே முணுமுணுப்பு, பஸ்ஸில் தொங்கும்போதும் இதே முணுமுணுப்பு. தடிமனைப் பார்த்து, நீளத்தைப் பார்த்து, மனசுக்குள் பெருக்கி... மண்டை காய்ந்துபோகும்.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு நாள் கணக்குப் போடுவது நின்றுவிட்டது. பார்த்தேன், எடை வந்தது. அவ்வளவுதான். எப்படி வருகிறது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நடக்கிறவனிடம் எந்தக் காலை முதலில் வைத்தாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

லாரி கேட்டுக்குள் நுழையும்போதே டன் கணக்கைச் சொல்லிவிடுவேன். எடைமேடை அப்புறம் வந்து ஆமாம் போடும். இதை நிறுத்தவும் முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகம் அப்புறம்தான் தெரியும். எழுபத்தெட்டு கிலோ முதலில் வந்துவிடும்.

கிளினிக்குக்கு வருகிறேன். என் மனைவி சரோஜாவுக்குக் கொஞ்ச நாளாக அசதி. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். "டானிக் எழுதித் தருவாங்க, வா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் பெண் சரோஜாவை மெஷினில் ஏறச் சொன்னதும் என் வாய் முந்திக்கொண்டது. "அறுபத்திரெண்டு."

மெஷின் ஐம்பத்து மூன்று காட்டியது.

"ரிப்பேரும்மா இது. வேற எட்தா."

"நல்லாதான் கீது தாத்தா."

"அப்ப நீ ஏறு, பாக்கலாம். ஐம்பத்தெட்டு."

சிரித்துக்கொண்டே ஏறினாள். ஐம்பத்தெட்டு. துளி பிசகவில்லை.

அவள் சிரிப்பு நின்றது. மெஷின் சரி, என் கண்ணும் சரி. அப்படியானால் ஒன்பது கிலோ எங்கே?

"ஜாக்கெட்டை மூணு தபா புடிச்சித் தெச்சிக்கினேன். நீ இன்னாத்தப் பாத்த?" என்றாள் சரோஜா.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது கிலோவைத் தின்கிற வியாதி எது எது என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நல்ல பெயராக இல்லை.

சர்க்கரை. ஏகத்துக்கும் ஏறியிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா பேஜாராயிருக்கும். மாத்திரையில கொண்டாந்துடலாம்" என்றார் டாக்டர். போன உயிர் வந்தது.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு ரயிலில் திரும்பினோம். எளாவூர் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"லாரில ஏறி வந்திருந்தா பாத்திருப்ப. இல்ல?"

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

கற்ற வித்தை உடம்பில் ஊறிவிட்டால் நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் — பெருமைதான். ஆனால் நம்மைக் கேட்காமலே வேலை செய்யாமலும் இருக்கும். அன்றைக்கு என் கண் சரோஜாவை எடை போடவில்லை. என்றைக்கோ போட்டு வைத்த எடையைத் தூசு தட்டிக் கொடுத்தது. புதிதாக வருகிறதைத்தான் அது பார்க்கிறது. எதிரிலேயே இருக்கிறவளை, பார்த்தாகிவிட்டது என்று விட்டுவிடுகிறது.

நேற்றுக் காலை அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்தேன். கழுத்தெலும்பு, தோள், மணிக்கட்டு, கன்னம்... ஒவ்வொன்றாக, மெதுவாகப் பார்த்தேன்.

"இன்னாய்யா மொறைக்கிற? எவ்ளோ கீறேன், சொல்லு."

எண் வரவில்லை. "தெரியலயே" என்றேன்.

எழுபத்தோரு வயதில் அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்ட முதல் ஆள் அவள்தான்.