இருபது முறையும் பிரிந்த பால்

பால் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இடக் கண்ணை மூடிக்கொண்டு, "பாப்போம்" என்கிறார் நூர்பானு. கெட்டிப் பாலோ தண்ணீர்ப் பாலோ, முதல் சொல் அதுதான். ராஜபாளையத்தில் எங்கள் பால் கம்பெனியின் ஆய்வுக்கூடம் அவர் பொறுப்பு. பால் வாடைக்கு வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. 'நிறைய', 'கொஞ்சம்' என்று யாராவது சொன்னால் விடமாட்டார்: "எம்புட்டு?"

தொண்ணூற்றிரண்டில், தேவதானத்துப் பாலில் எதையோ கலக்கிறார்கள் என்று புகார் வந்தது. அந்த ஊர்ப் பால் ஐந்து பாட்டில், வேறு ஊர்களின் பால் ஐந்து பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலும் கொழுப்பு, புளிப்பு, உப்பு என்று பன்னிரண்டு அளவுகள் எடுத்துக் கொடுத்தார் நூர்பானு. கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான். அது கோடு கிழித்தாற்போல் ஐந்தையும் ஐந்தையும் பிசகாமல் பிரித்தது. நாளையிலிருந்து தேவதானத்தில் பால் எடுக்க வேண்டாம் என்றார் மேனேஜர் சுயம்புலிங்கம். அறுபது வீடுகளின் பிழைப்பு அது.

"செத்த நேரம் பொறுங்க சார்" என்றார் நூர்பானு. ஊர்ச் சீட்டுகளைப் பிய்த்தெடுத்துக் குலுக்கி, கைக்கு வந்ததை வந்த பாட்டிலில் ஒட்டினார். அந்தப் பொய்ப் பெயர்களோடு மறுபடி ஓட்டச் சொன்னார். ஒரு தவறுமில்லாமல் பிரிந்தது. மறுபடி குலுக்கினார், மறுபடி பிரிந்தது. இருபது முறை. இல்லாத ஒன்றை இருபது விதமாக, ஒவ்வொரு முறையும் சத்தியம் போலக் காட்டியது அந்தத் திரை.

"பாட்டில் பத்து, அளவு பன்னெண்டு. பாட்டில விட அளவு கூட இருந்தா எப்படிப் பிரிச்சாலும் பிரியும் சார். தற்செயலா வந்தத வச்சு அவிய பொழைப்ப நிறுத்தலாமா?"

"அப்போ அது நல்ல பாலாம்மா?" என்றார் மேனேஜர்.

"அதையும் இது சொல்லல."

மூன்று மாதம் அலைந்து, பாதி தேவதானம் பாதி வேறு ஊர் என்று இருநூறு பாட்டில் சேர்த்தார். இரண்டிலும் சரிபாதியாக நூறை ஊர்ப் பெயரோடு காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினோம். மீதி நூறை ஊர் சொல்லாமல் கொடுத்து, எது எந்தப் பால் என்று கேட்டோம். ஐம்பத்தொன்றைச் சரியாகச் சொன்னது. காசைச் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். தேவதானத்துப் பால் வண்டி நிற்கவில்லை.

மேனேஜர் மகிழ்ந்துபோய், 'தேவதானத்துப் பால் மிகச் சுத்தம்' என்று அறிக்கை தட்டச்சு செய்து கொண்டுவந்தார். நூர்பானு பேனாவைத் திறந்து 'மிகச் சுத்தம்' என்பதை அடித்தார். 'மற்றப் பாலிலிருந்து வேறுபட்டதாகத் தென்படவில்லை' என்று மேலே எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.