ரூம் இல்லை என்றேன்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதை அடக்கு, அடக்கு என்று அப்பா தலைப்பாடாக அடித்துக்கொள்வார். அடக்கியிருந்தால் அவர் வீட்டில் செத்திருப்பார்.

நிலத் தகராறில் பங்காளியை வெட்டிய வழக்கில் அவருக்கு ஆயுள் தண்டனை. செய்தது தப்புதான், நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கொரோனா வந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். ஜெயிலில் நோய் பரவுகிறது, வயதான நோயாளிகளை வீட்டுக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டோம். அவர் எங்கள் மலையில், என் மடியில் கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

எங்கள் ஊரில் புளியமரத்து மேட்டில்தான் டவர் கிடைக்கும். அங்கே புளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அதிகாரி போன் செய்தார். அப்பா வந்தால் பதினாலு நாள் தனியாக இருக்கணும், தனி ரூம் இருக்கிறதா என்று கேட்டார்.

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. எங்களுக்கு ரூம் என்றால் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் போடுகிற ரூம். பெற்ற அப்பனை லாட்ஜில் தள்ளுகிறவள் என்றா நினைத்தார்?

"ரூமெல்லாம் கெடையாது சார். எங்களுக்கு இருக்கறது ஒரே வூடு. எங்கப்பா எங்ககூடத்தான் இருப்பாரு," என்றேன்.

சரிம்மா என்று வைத்துவிட்டார். நான் என்னவோ ஜெயித்துவிட்டவள் மாதிரி மறுபடியும் புளி பொறுக்கினேன்.

மனு தள்ளுபடி. தனிமைப்படுத்த வசதி இல்லையாம். ஊராட்சி ஆபீசில் வேலை செய்யும் பெண் காகிதத்தைப் படித்துச் சொன்னபோதுதான் அவர் கேட்ட ரூம் எதுவென்று புரிந்தது. ஐயோ, கொல்லையில் கொட்டாய் இருந்ததே! சாமையைப் பன்றி மேயாமல் காவல் காக்க அப்பாவே கட்டியது. பாதி ஆயுசு அதில்தான் தனியாகப் படுத்துக் கிடந்தார்.

அன்றைக்கே அதைச் சாணி போட்டு மெழுகி, கதவு வைத்து, கட்டில் போட்டேன். அந்தப் பெண்ணே மறுமனு எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஜெயிலிலிருந்து வீடியோ கால் வந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"கொட்டாய்க்குக் கதவு வச்சிட்டியா?" என்றார்.

வைத்துவிட்டேன் என்றேன்.

"தொறந்தே வை. எனக்குக் காத்து வேணும்."

அனுமதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தியே அவர் போய்விட்டார். உடம்பைக்கூட மலைக்கு விடவில்லை, கீழேயே எரித்துவிட்டார்கள். பாழாய்ப்போன என் வாய்.

போன மாசம் ஏதோ கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் எத்தனை ரூம் என்று கேட்டார்கள். இரண்டு என்று முந்திக்கொண்டு சொன்னேன். கொட்டாயைக் காட்டினேன். கதவு திறந்து கிடந்தது. அதில் யார் இருக்கிறார்கள் என்றார்கள்.

அப்பா என்றுதான் வாயில் வந்தது.