ஒரு தலை குறைந்த மூலை

டார்லீன் ஹாக் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியை மறுபடியும் சுரண்டினாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலையிலிருந்து நின்ற கால்கள் அவளுடையவை போலவே இல்லை. ஆனாலும் கிழவி ஓர்ஃபாவைக் கூட்டத்துக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடக் கதவை மூடிவிடுவார்கள்.

அயோவாவில் எங்கள் எல்க்மோர் சின்ன ஊர். இலையுதிர் காலம் முதல் அவள் தட்டாத கதவு இங்கே இல்லை. செனட்டர் ஹேவுட் அம்மாள் ஜனாதிபதியாக வேண்டும், அவ்வளவுதான். காரணம் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய ஒரே மகள் கெல்சி, சர்க்கரை வியாதிக்கான ஊசி மருந்தின் விலை தாங்காமல் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, கல்யாண வயதில் கண்ணை மூடினாள். போன கோடையில் சந்தைக்கு வந்த ஹேவுட் டார்லீனின் கையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு மேடையேறி, "கெல்சி ஹாக்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் தாயின் எதிரில் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னது அந்த அம்மாள் ஒருவர்தான். அன்று அழுத அழுகையோடு டார்லீன் அவருடைய ஆளாகி, எங்கள் ஊரில் அவருக்கு ஆள் சேர்க்கும் தலைவியுமானாள்.

கணவன் வெர்லின் மட்டும் அசையவில்லை.

"மேடையில பேரைச் சொன்னா பொண்ணு திரும்பி வந்துடுவாளா, டார்?"

"வரமாட்டா. இன்னொருத்தி பொண்ணு போகாம இருப்பா. நீ வந்து என் பக்கத்துல நில்லு, வெர்ல். வேற ஒண்ணும் கேக்கல."

"பாக்கலாம்."

"நீ பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். எத்தனை வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன்."

கூட்டம் நடப்பது பள்ளி விளையாட்டுக் கூடத்தில். கெல்சி கூடைப்பந்து ஆடிய இடம். ஒரு ஆட்டம் விடாமல் மேல் பெஞ்சில் உட்கார்ந்து கத்திய வெர்லின், அவள் போனபிறகு அந்த வாசலை மிதித்ததே இல்லை.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த மாலையில் எங்களுக்குச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவருடைய மூலையில் ஊரார் கண்ணெதிரே போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை செல்லாது. அதில் நின்றவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், இல்லை வீட்டுக்குப் போகலாம்.

ஓர்ஃபா நடக்க உதவும் சட்டத்தை ஊன்றி உள்ளே வந்தாள். வயதானவள், வெளியே போய் வருஷமாகிறது.

"உங்களுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன், வாங்க" என்றாள் டார்லீன்.

"அங்க இல்ல, கண்ணு. எனக்கு அந்தப் பக்கம். தேர்தல்ல நிக்கற அந்த ஆளு சிரிச்சா எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கான்."

டார்லீன் ஒரு கணம் நின்றாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்து, கிழவியை உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள்.

இரும்புக்கடை ராய்ஸ்தான் அன்று கூட்டத் தலைவர். "எதிராளிக்கு வண்டி ஓட்டற தலைவி நாட்டுலயே நீ ஒருத்திதான், டார்லீன்" என்றார்.

தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். வந்திருந்தது நூற்றுப் பதினைந்து பேர்; மூலை செல்லப் பதினெட்டு பேர் வேண்டும். அவள் மூலையில் பதினேழு. திரும்ப எண்ணினாலும் பதினேழுதான். ஆள் பிடிக்க அரைமணி நேரம் கொடுத்தார்.

டார்லீன் கதவைப் பார்த்தாள். அது மூடி வெகுநேரமாகியிருந்தது. இனி யார் வந்தாலும் வேடிக்கைதான் பார்க்கலாம், கணக்கில் வரமுடியாது. தான் செய்து எடுத்துவந்த வேர்க்கடலை மிட்டாய்த் தட்டோடு மூலை மூலையாகப் போனாள்.

"ரெண்டு தின்னுட்டேன். நல்லாத்தான் இருக்கு" என்றான் பால்பண்ணைக்காரன் ஒருவன். "அதுக்காக நாட்டையா எழுதிக் குடுக்க முடியும்?"

கடைசியில் ஓர்ஃபாவின் முன்னால் குந்தினாள். கிழவி அவள் முகத்தையே பார்த்தாள்.

"கேளு. கேக்கத்தானே வந்தே?"

ஒவ்வொரு வாசலிலும் டார்லீன் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது: 'யாருக்குன்னு கேக்கவே மாட்டேன். வாங்க, அது போதும்.'

"குளிருதான்னு பாக்க வந்தேன்" என்றாள். கிழவியின் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டு எழுந்தாள்.

நேரம் முடிந்தது. அவள் மூலைக்காரர்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"நீ எந்தப் பக்கம், டார்லீன்?"

"நான் இங்கயே நிக்கறேன், ராய்ஸ்."

"அப்போ உன் தலை கணக்குல வராது."

"வர வேண்டாம்."

கெல்சி பந்து போட்ட வளையத்தின் கீழே அவள் தனியாக நின்றாள். எண்ணிக்கை முடிந்ததும் தட்டைக் கழுவினாள், ஓர்ஃபாவை வீட்டில் விட்டாள். இறங்கும்போது கிழவி அவள் கையைப் பற்றி, "கெல்சி நல்ல பொண்ணு" என்றாள். டார்லீன் தலையை மட்டும் ஆட்டினாள். அழக்கூடத் தெம்பு இல்லை.

வீட்டில் வெர்லின் சமையலறை மேசையருகே கோட்டோடும் பூட்ஸோடும் உட்கார்ந்திருந்தான். பூட்ஸைச் சுற்றிப் பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்தது.

"வந்தேன், டார். கைப்பிடியில கையும் வெச்சேன். உள்ள பந்து தட்டற சத்தம் கேட்ட மாதிரி இருந்துது. திரும்பிட்டேன்."

"எப்போ?"

"கதவை மூடறதுக்கு முன்னாடிதான்." தரையைப் பார்த்தபடியே கேட்டான். "எத்தனை பேர் குறைஞ்சுது?"

அவள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பதிலைத் தேட அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

"நிறைய. நீ வந்திருந்தாலும் ஆயிருக்காது."

அவன் மூச்சு மெல்ல இறங்கியது. டார்லீன் ஈரத்திலேயே மண்டியிட்டு அவனுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு பனியில் இறுகியிருந்தது. அவள் விரல்களுக்கும் பலம் போதவில்லை.