மூன்று படிக்கு மேலே ஒரு கண்ணாடி

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு" என்று கடைசிக் குண்டூசியையும் தன் சட்டைக் கையில் குத்திக்கொண்ட பிறகுதான் டெய்லரக்கா கால்சட்டையை வாடிக்கையாளரின் மடியில் வைக்கிறார். அதற்கு முன் கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார். அளவு பார்க்கும்போது துணியில் குத்துவது பன்னிரண்டு ஊசி. திரும்பி வருவதும் பன்னிரண்டாக இருக்க வேண்டும். ஒரு முறை பதினொன்றுதான் வந்தது. தைத்து முடித்த கால்சட்டையை மூட்டு மூட்டாகப் பிரித்துப்போட்டுத் தேடினார். பன்னிரண்டாவது ஊசி அவருடைய காலரிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "நமக்குக் குத்தினா ஆன்னு கத்துவோம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாதவங்களுக்கு ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். அது புண்ணாகி மாசக்கணக்கா ஆஸ்பத்திரில கிடக்கணும். விளையாட்டா என்ன?"

பெயர்ப்பலகையில் 'ஆண், பெண், சிறுவர் உடைகள்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஊரின் மறுகோடியிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறவர்கள் சக்கர நாற்காலிக்காரர்கள், ஊன்றுகோல்காரர்கள், செயற்கைக்கால் மாட்டியவர்கள், ஒரே கையால் எல்லாக் காரியமும் பார்க்கிறவர்கள். கடையில் தொங்குகிற உடுப்பெல்லாம் நிற்கிறவர்களுக்காக வெட்டியது என்பது அக்காவின் கட்சி. "பாதி நாள் எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கோம். அளக்கும்போது மட்டும் நிக்க வெச்சு அளக்கறாங்க. இது எந்த ஊரு நியாயம்?"

அவர் வெட்டும் கால்சட்டையின் பின்பக்கம் உயரம், முன்பக்கம் பள்ளம். உட்கார்ந்தால் முதுகு தெரியாது, வயிற்றில் துணி குவியாது. பின்னால் பை கிடையாது, தடித்த தையலும் கிடையாது. பை தொடைமேல் இருக்கும், கைபேசி விழாது. செயற்கைக்காலுக்கு உள்பக்கம் நீளமாக ஒரு ஜிப். ஊன்றுகோல்காரர்களுக்கு அக்குளில் இரட்டைத் துணி. ஒற்றைக்கைக்காரர்களின் சட்டையில் பொத்தான் வெறும் அழகுக்கு. அதற்குப் பின்னால் ஒட்டுப்பட்டை, தட்டினால் ஒட்டிக்கொள்ளும். "காஜா எடுத்து, பொத்தானும் வெச்சு, அதைப் போட முடியாம ஒருத்தரைத் திண்டாட விடறது பாவம்" என்பார்.

புதிதாக ஒரு வெட்டு வெட்டினால் அதைத் தன் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு, அரை நாள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டார். எந்தத் தையல் எங்கே கடிக்கிறது என்று உடம்பு சொல்ல வேண்டுமாம். தெருவில் போகிறவர்கள், அக்காவுக்கு மூட்டுவலி போல என்று நினைத்துக்கொள்வார்கள். பேருந்தில் ஏறினாலும் மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், மடியைத்தான் பார்ப்பார். இதனால் ஒருமுறை ஒரு கணவன் மனைவிக்குள் வீண் சண்டையே வந்தது.

இதெல்லாம் தொடங்கியது தம்பியிடமிருந்து. பெயிண்டராக இருந்த தம்பி சாரத்திலிருந்து விழுந்து பத்து வருடம் ஆகிறது. அன்று முதல் சக்கர நாற்காலி. இப்போது ஒரு வாடகைக் கார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறார். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "குனிஞ்சா பேண்ட் பின்னாடி இறங்குதுக்கா, ஆபீஸ் முழுக்க என் முதுகைப் பார்த்தாச்சு" என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால்சட்டையைப் பிரித்து உட்கார்ந்தபடி அளவெடுத்தார். அதுதான் முதல் வெட்டு. அந்த வெட்டை நம்பித்தான் ஒன்பது வருடத்துக்கு முன் இந்தக் கடையையே திறந்தார்.

கடை மூன்று படிக்கு மேலே இருக்கிறது. அது ஒரு குறையாக அக்காவுக்குத் தோன்றியதே இல்லை. சக்கரச் சத்தம் கேட்டதும் கழுத்தில் அங்குல நாடாவோடு இறங்கி ஓடி வருவார். "நீங்க ஏன் சிரமப்படணும், நான் வர்றேன்" என்பார். மடக்கு நாற்காலி ஒன்று, மறைப்புக்கு இரண்டு கம்பில் கட்டிய திரை ஒன்று. நடைபாதையிலேயே அளவு, நடைபாதையிலேயே போட்டுப் பார்ப்பது, நடைபாதையிலேயே விடைபெறுவது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷியா என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். அக்காவும் உள்ளூரக் குளிர்ந்துபோனார். அவருக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு, அதைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார்: "ஒன்பது வருஷமாச்சு. நான் தெச்ச துணியில ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல."

இந்தப் பெருமைக்குச் சனி பிடித்தது ஒரு வக்கீல் பெண்ணின் உருவத்தில்.

படித்து முடித்து வக்கீலாகப் பதிவும் செய்துவிட்டு, முதல் வழக்குக்கு வரும் திங்கட்கிழமை நீதிமன்றம் போக வேண்டிய பெண். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கோட்டு கேட்டாள். அக்கா தன் வித்தையெல்லாம் இறக்கினார். சக்கரத்தில் மாட்டாத குட்டை விளிம்பு, கை தள்ளும்போது விரிந்து கொடுக்க முதுகில் மடிப்பு, அழுக்குப் படாதபடி மணிக்கட்டுக்கு மேலேயே முடிகிற கை. தைத்து முடிந்ததும் கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டுப் பின்வாங்கி நின்று, "ஜட்ஜே எழுந்து நிப்பாரு போ" என்றார்.

"கண்ணாடி எங்கக்கா?" என்றாள் வக்கீல்.

"உள்ள இருக்கும்மா."

"நான்?"

அக்கா மூன்று படியும் தாவி ஏறினார். கைக்கண்ணாடி கொண்டுவந்து நீட்டினார். "முகம் எனக்குத் தெரியும்க்கா, கோட்டுதான் தெரியல." சுவரில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு வரட்டுமா என்றார். "தெருவுல வெச்சா? போறவங்க வர்றவங்க எல்லாம் சேர்ந்து பார்ப்பாங்க." அப்படியானால் நாலு பேரைக் கூப்பிடுகிறேன், தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள் என்றார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"தூக்க நான் என்ன மூட்டையாக்கா? எங்க போனாலும் யாராவது எனக்காக இறங்கி வர்றாங்க, இல்ல என்னைத் தூக்கறாங்க. திங்கக்கிழமை அத்தனை பேர் முன்னாடி எழுந்து... சரி, உட்கார்ந்து பேசப் போறேன். அதுக்கு முன்னாடி நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவை, மத்தவங்க மாதிரி உள்ள வந்து, கதவைச் சாத்திக்கிட்டுப் பார்க்கணும். அவ்வளவுதான்." கோட்டைக் கழற்றி மடித்து அக்காவின் கையில் கொடுத்தாள். "சனிக்கிழமை வர்றேன். உள்ள வர முடிஞ்சா வாங்கிக்கறேன். இல்லன்னா பழைய கோட்டு ஒண்ணு இருக்கு, அதுவே போதும்."

ஆத்திரம் வந்தது அக்காவுக்கு. எவ்வளவு செய்தாலும் போதாது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்று மிஷினை அன்று சற்று வேகமாகவே மிதித்தார். இரவுச் சாப்பாட்டின்போது தம்பியிடம் நியாயம் கேட்டார். தம்பி ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். உள்ளே வந்து பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது என்ற எரிச்சலில், "ஏண்டா, என் கடை உள்ள எப்படி இருக்கும் சொல்லு" என்றார்.

"மிஷின் வலது பக்கம் ஜன்னலோரம். சுவர் பச்சை. வெட்டற மேஜை நடுவுல" என்று தம்பி நிதானமாகச் சொன்னார்.

மிஷின் இடது பக்கம். சுவர் வெள்ளை. நடுவில் மேஜையே கிடையாது. ஒன்பது வருடம் தினமும் இருவரும் கடையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்! அக்கா தட்டை நகர்த்தி வைத்தார். "ஒரு நாளாவது வரணும்னு தோணலையாடா உனக்கு?"

"வரணும்னா நாலு பேரு தூக்கணும். ஏற நாலு நன்றி, இறங்க நாலு நன்றி. ஒரு பேண்ட்டுக்கு எட்டு நன்றி சொல்லணும்னா கட்டுப்படியாகாதுக்கா" என்று தம்பி சிரித்தார். இந்த முறையும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் முதுகையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவருக்கும் அதே கதிதான்.

மறுநாள் காலையிலேயே ஆறடிப் பலகை ஒன்று வாங்கி வந்து படிமேல் சாய்த்தார். துணியை மிச்சம் பிடித்தே பழகிய கை, பலகையிலும் மிச்சம் பிடித்துவிட்டது. மத்தியானம் தம்பி ஓய்வு நேரத்தில் வந்து ஒரு முறை பார்த்தார். "இதுல ஏறினா நேரா மாடிக்குப் போகலாம், இறங்கினா நேரா ஆஸ்பத்திரிக்கு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்க்கா. அப்பத்தான் தானா தள்ளிக்கிட்டு ஏற முடியும்."

"பன்னெண்டா?" என்றார் அக்கா. அந்த எண்ணோடு அவரால் வாதாட முடியாது. மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி. அப்படியென்றால் பதினெட்டு அடிச் சரிவு. கடையின் முகப்போ பத்தே அடி. மீதி எட்டடி, பக்கத்துக் கடிகாரக் கடையின் காட்சி ஜன்னலுக்கு அடியில் போக வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் தொலைபேசியிலேயே, "கடிகாரக்காரர் சரின்னா எனக்கென்ன" என்று கழன்றுகொண்டார். கடிகாரக்காரர் சரியென்று சொல்கிற ஜாதியில்லை. அவருடைய வாசல் பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்றாலும், இந்த ஜன்னல்தான் கடைக்கு முகம் என்பது அவர் எண்ணம்.

"கைப்பிடிக் கம்பி வெச்சா அதுல சாஞ்சுக்கிட்டு நிப்பாங்க டெய்லரம்மா. என் கடிகாரத்தை யாரு பார்ப்பாங்க? முடியவே முடியாது."

அக்கா கெஞ்சிப் பார்த்தார், தம்பியைச் சொல்லிப் பார்த்தார், வக்கீல் பெண்ணைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வியாழக்கிழமை காலை அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, மூணு வருஷத்துல உங்க பேண்ட்டை நாலு தடவை பிரிச்சு விட்டிருக்கேன். உங்க இடுப்பளவு உங்க வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது. இந்த நோட்டுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"மிரட்டறீங்களா?"

"ஐயோ, அளவு சொல்றேன்."

கடிகாரக்காரர் நோட்டைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒன்பது வருஷமா என் கூடப் பொறந்தவன் என் கடையைப் பார்த்ததில்லண்ணே. எனக்கே இப்பத்தான் உறைக்குது." மனிதர் கையிலிருந்த கடிகாரத்தைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். "கம்பிக்கு நீல பெயிண்ட் அடிக்கணும். என் போர்டு கலர்" என்றார்.

அதன்பின் அவர்தான் தொல்லை. பட்டறைக்காரர் இரும்புத் தகடு கொண்டுவந்து பற்றவைக்கும்போது பக்கத்திலேயே நின்று, கால் அங்குலம் ஏறுது, அரை அங்குலம் இறங்குது என்று உயிரை எடுத்துவிட்டார். அவர் தொழில் புத்தி அப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வக்கீல் வந்தாள். சரிவின் அடியில் நாற்காலியை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாதென்று அக்கா எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார், தன் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு அடியையும் அவளே தள்ளி ஏறினாள். பின்னாலேயே அரை நாள் விடுப்பு போட்ட தம்பியும் ஏறி வந்து, வாசலிலேயே நாற்காலியை நிறுத்திக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "மிஷின் அந்தப் பக்கமா! ஒன்பது வருஷமா ஏமாத்திட்டியேக்கா" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள். போனவள் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். அக்கா மடக்கு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்தது இரண்டு நெற்றி, இரண்டு வகிடு.

"அடக் கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடிகாரக்காரர் திருப்புளியோடு ஓடி வந்தார். அது கொசுவுக்குச் சட்டை தைக்கிற அளவில் இருந்தது. பட்டறையிலிருந்து பெரியது வந்தது. திருகுகளைக் கழற்றி, அடியில் இருந்த நூல்பெட்டியை நகர்த்தி, கண்ணாடியைத் தரையைத் தொடுகிறவரை இறக்கி மாட்டினார்கள். அக்கா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். தம்பி மட்டும், "நான் வாடிக்கையாளர்" என்று திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

இப்போது கண்ணாடியில் கறுப்புக் கோட்டு முழுசாக இருந்தது, சக்கரமும் பாதமும் உட்பட. வக்கீல் இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள். கையை உயர்த்தினாள், வாதாடுகிறவளைப் போல ஒரு விரலை நீட்டினாள்.

"அக்கா, இடது தோள் கொஞ்சம் தூக்கிட்டு நிக்குதே. பாருங்க."

பார்த்தார். நின்றது. நன்றாகவே தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்பது வருடமாகக் கேட்காத வார்த்தை.

"எனக்கும் ரெண்டு குறை இருக்கு. முன்னாடி பார்த்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாயை மூடுடா, உன் முறை வரும்" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. வக்கீலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு, கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தபடியே, தன் சட்டைக் கையிலிருந்து முதல் குண்டூசியை உருவினார். "எங்கம்மா? இங்கயா? நீ சொல்லு" என்றார். "ஒண்ணு."