பொத்தான் கழற்றாத சட்டை

வினோதாவுக்கும் முனிவேலுக்கும் கல்யாணம் ஆகி நாலு வருஷம். ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரே ரூம், ஒரே கட்டில். ஆனால் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அவளுக்கு ஒயர் கம்பெனியில் காலை ஷிப்ட். விடியும் முன்னே வேன் ஏறிவிடுவாள். அவனுக்குத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரண்டாம் ஷிப்ட். அவள் தூங்கிய பிறகு வந்து படுப்பான். ஞாயிற்றுக்கிழமையா? அதை ஓவர்டைம் தின்றுவிடும்.

"உன் வீட்டுக்காரர் நிஜமாவே இருக்காரா, இல்ல சும்மா சொல்றியா?" என்று பக்கத்து ரூம் அனிதா சீண்டுவாள்.

"நானே பார்த்து நாளாச்சுடி" என்று வினோதாவும் சிரிப்பாள். பேச்சுக்குச் சொல்வதுதான். அவளைப் போலப் புருஷனைப் பார்த்தவள் அந்த லைன் வீட்டில் எவளும் கிடையாது. சாயங்காலம் கதவைத் திறந்தால் போதும். டம்ளரில் டீ மிச்சம் இருக்கிறதா, பதறிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். போர்வை சுருண்டு கிடக்கிறதா, சரியாகத் தூங்கவில்லை. தைல டப்பா திறந்திருந்தால் மறுநாள் அவனுக்கு மிளகு ரசம்.

அப்படிப்பட்டவளே முதலில் ஏமாந்துதான் போனாள். காலையில் கிண்டி வைத்த ராகிக் களி சாயங்காலம் அப்படியே கிடந்தது. மறுநாளும் அதே கதை. வந்ததே கோபம்! "அஞ்செட்டிக் கிராமத்துக்காரருக்கு ஓசூர் வந்ததும் களி கசக்குதா?" என்று மெசேஜ் போட்டாள். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. வீம்புக்கு எலுமிச்சை சாதம் செய்து வைத்தாள். காலியாகியிருந்தது. தொட்டியில் ஸ்பூன் கிடந்தது. களியில் வளர்ந்த மனுஷன் ஸ்பூனில் சாப்பிடுகிறாரா!

பிறகு பூட்டு. சாவித் துளையைச் சுற்றிப் புதுசாகக் கீறல்கள். குடித்துவிட்டு வருகிறானோ என்று சட்டையை மோந்து பார்த்தாள். மெஷின் ஆயில் வாசனைதான். ஆனால் சட்டையில் மேல் பொத்தான் தவிர மற்றதெல்லாம் போட்டபடியே இருந்தது. தலைவழியாக உருவிப் போட்டிருக்கிறான்.

மறுநாள் கம்பெனியில் ஒயர் நுனியை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. களி, சாவி, பொத்தான், எல்லாமே விரல் வேலை. இவருக்கு விரல் வேலை செய்யவில்லை. அந்தக் கையோடு பிரஸ்ஸுக்குள் தகடு வைக்கிறார்!

அடுத்த நாள் அவள் வேன் ஏறவில்லை. கண்விழித்த முனிவேல் திடுக்கிட்டான். "ஏம்புள்ள, உடம்பு சரியில்லையா?"

அவள் தட்டில் களி உருண்டையும் கீரைக் கடைசலும் வைத்தாள். "சாப்பிடுங்க மாமா."

வலது கையால் கிள்ளினான். களி நழுவியது. மறுபடி கிள்ளினான். பிறகு தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"மரத்துப் போவுது வினோ. வெளிய சொன்னா நாளையில இருந்து வராதேன்னுடுவான். கான்ட்ராக்ட் ஆளுதானே."

"வேலை போனா வேற தேடலாம். விரலு போனா எந்தக் கடையில வாங்கறது? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?" என்று கத்தியவள், அவனுடைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "வாங்க, ஆஸ்பத்திரிக்கு."

டாக்டர் அவன் விரல்களைக் குத்திப் பார்த்தார், மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். நரம்பு நசுங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும் என்றார். இனி பிரஸ் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். கை தப்பியது. பேக்கிங் வேலைக்கு மாற்றுவார்களா என்று இனிமேல்தான் கேட்க வேண்டும்.

மருந்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டான்.

"யாரு சொல்லணும்? பார்த்தா தெரியாதா?"

முனிவேல் தலைகுனிந்தான். அப்போதுதான் அவள் முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு கண்ணில் பட்டது.

"இதென்ன புள்ள?"

"கம்பெனியில சுட்டுக்கிட்டது. தீபாவளிக்கு முன்ன. ஒரு மாசம் கட்டுப் போட்டிருந்தேன்."

"ஒரு மாசமா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவனால் தாங்க முடியவில்லை. மரத்த விரல்களால் அந்தத் தழும்பைத் தடவினான், ஒன்றும் தெரியவில்லை. இடது கையை மாற்றி வைத்துத் தடவினான். பிறகு நிமிர்ந்து, ஆள் கூட்டத்தைக்கூடப் பார்க்காமல், அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப இளைச்சுட்டே வினோ" என்றான்.

காலையிலிருந்து கல்லாக இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.