கடிகாரமில்லாத ரவுட்டர்

மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே அலுவலகத்தில் சிப் வடிவமைத்தார்கள். இளையவளுக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே மூத்தவள்தான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வயிறு எரியும்.

சிப்புக்குள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தகவலைத் திருப்பிவிடும் சுற்றுக்கு ரவுட்டர் என்று பெயர். மூத்தவளின் ரவுட்டர் கடிகாரத் துடிப்புக்கு ஆடுவது. தகவல் வந்தாலும் வராவிட்டாலும் துடித்துத் துடித்து மின்சாரத்தைத் தின்றது. இளையவளுடையதில் கடிகாரமே கிடையாது. 'வந்திருக்கு' என்று ஒரு கம்பி சொல்லும், 'வாங்கிக்கிட்டேன்' என்று இன்னொன்று பதில் சொல்லும். மற்ற நேரமெல்லாம் தூக்கம். புதிய சிப்பில் எது ஏறும் என்று அந்த வாரம் முடிவாக வேண்டும்.

"உங்க ஓரகத்தியோடது சோம்பேறி ரவுட்டர்னு நினைச்சேன். கெட்டிக்காரச் சோம்பேறியால்ல இருக்கு!" என்றார் மேலாளர். மூத்தவள் சிரித்துவைத்தாள்.

ஆள் குறைவான அலுவலகம். சிப்பின் மிகச் சிறிய சுற்றுத் துண்டுக்குக் கேட்டு என்று பெயர். வடிவமைப்புகளை மென்பொருளில் ஓட்டி வீண் கேட்டுகளைக் களையும் வேலையும் மூத்தவள் தலையில்தான். இளையவளுடையதை ஓட்டியபோது ஓரிடம் மொட்டையாகத் தெரிந்தது. 'வந்திருக்கு' கம்பியில் சங்கிலியாகச் சில கேட்டுகள் இருந்த இடம் அது. அவை கணக்கு எதுவும் போடாதவை. தகவல் வந்துசேரும்வரை சேதியைத் தாமதப்படுத்துபவை. 'தொடாதே' என்று குறி வைத்தால்தான் மென்பொருள் விட்டுவைக்கும். இளையவள் மறந்திருந்தாள், மென்பொருள் துடைத்துவிட்டது. இனிச் சேதி முந்தும், தகவல் பிந்தும். சோதனையில் குப்பைதான் வரும்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மூத்தவளுக்கு மனம் குளிர்ந்தது. டீ குடித்துவிட்டு வந்து திரையை மறுபடி பார்த்தாள். எதை ஜெயிக்கப் போகிறோம்? இத்தனை மாதமும் அவள் பொறாமைப்பட்டது இந்த ஊனத்தைப் பார்த்து அல்லவே. பொறாமைக்கும் ரோஷம் உண்டு.

"இங்க வாடி. உன் தாமதச் சங்கிலி எங்க?"

இளையவளுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா, குறி வைக்கலையா நான்?"

"அடுப்பை அணைக்கவே மறக்கறவ, இதையா ஞாபகம் வெச்சுக்குவ?"

குறி வைத்து மறுபடி ஓட்டி, இரண்டையும் அளந்தார்கள். இளையவளுடையது பாதி மின்சாரத்தில் அதே வேலையைச் செய்தது. அதுவே சிப்பில் ஏறியது.

வீடு திரும்பும் பேருந்தில் இளையவள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க சொல்லலைன்னா என் மானம் போயிருக்கும்க்கா."

"அடுத்த தடவை சொல்லமாட்டேன்."

இளையவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூத்தவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.