பொம்மைப் பெட்டியில் வெள்ளி

போர்க்காலத்தில் மைசூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வட்டியை விட்டுவிட்டு மனிதர்கள் ஏன் காசைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த பாடம். அன்றாடச் செலவுக்கு, ஆபத்து அவசரத்துக்கு, விலை மாறினால் லாபம் பார்க்க என்று மூன்று காரணங்களைக் கரும்பலகையில் எழுதுவேன். நாளை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாதிருந்தும் காசைப் பிரிவதற்குக் கிடைக்கும் கூலிதான் வட்டி என்பேன். பையன்கள் பரபரவென்று எழுதிக்கொள்வார்கள். எனக்கோ பெருமையில் தலைகால் புரியாது.

வீட்டில் என் மனைவியிடம் நூற்றுச் சொச்சம் பழைய வெள்ளி ரூபாய்கள் இருந்தன. பிறந்தகத்துச் சீரும் அவளே சேர்த்ததும். கொலுப் பொம்மைப் பெட்டியில், மரப்பாச்சி ஜோடியைச் சுற்றிய துணிக்குள் முடிந்து வைத்திருந்தாள். நவராத்திரி முதல் நாளுக்கு முன் அந்தப் பெட்டியைத் திறப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

எங்கள் பெண் அப்போது இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்கும்போதெல்லாம் ‘யோசிக்கலாம்’ என்பேன். இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பழைய வெள்ளி ரூபாய் கோடைக்குள் செல்லாமல் போகும், கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று சர்க்கார் அறிவித்தது. மனைவியிடம் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நவராத்திரிக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அரிசி களைய எழுந்துபோனாள். ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவன் பேச்சு வீட்டில் எடுபடவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

பங்குனியில் தாயும் பெண்ணும் வைரமுடி சேவைக்கு மேல்கோட்டை போனார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். வெள்ளியைக் கஜானாவில் கொடுத்து, நோட்டுகளை அதே துணியில் அதே மாதிரி முடிந்து வைத்தேன். அசட்டுப் பெண்பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட பெருமை கொஞ்ச நாள் இருந்தது.

அப்புறம் அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளி ஏறியது. பழைய ரூபாயைக் கொண்டுபோனால் தட்டார் எடை போட்டு ரூபாய்க்கு மேலேயே கொடுப்பதாகக் கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். நவராத்திரி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவராத்திரி முதல் நாள் காலை பெண் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தாள். மனைவி முடிச்சை அவிழ்த்து நோட்டுகளைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நானே எல்லாவற்றையும் கொட்டினேன். ஓர் அணா குறையவில்லை, வெள்ளி இப்படி ஏறும் என்று எவனுக்குத் தெரியும் என்றேன். அவள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

“வெள்ளி போனாப் போறது. இவ படிப்புக்குன்னு வெச்சிருந்தேன். அந்த நாள் வரச்சே உங்ககிட்ட வந்து நிக்க வேண்டாம்னு வெச்சிருந்தேன்.”

நோட்டுகளைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, மரப்பாச்சிக்குப் பட்டு உடுத்த உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் பெண் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். ஏறிய விலைவாசியில் அந்த நோட்டுகள் போதவில்லை. என் கைக்கடிகாரத்தை விற்றுப் பணத்தைப் பொம்மைப் பெட்டியின்மேல் வைத்தேன். யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

அந்தப் பாடத்தை அப்புறமும் பல வருஷம் நடத்தினேன். மூன்று காரணங்களை எழுதுவேன். அன்று மனைவி சொன்ன நாலாவது ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுத மட்டும் கை வந்ததில்லை.